ஒரு வீட்டில் இரண்டு உலை வேண்டாம்

சென்ற ஆண்டு இரண்டாந் தவணை முடியுந் தறுவாயில், நம்முடன் பணியாற்றும் ஆசிரிய நண்பர் ஒருவர் தமது இரத்தப் பரிசோதனைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். இடைவேளைத் தேநீர் வந்தது. வழமையாக இரண்டு கரண்டி சீனியை அள்ளிப் போடும் கை அன்று அசையவில்லை. "இனிமேற் சோறில்லை, தேங்காயில்லை, சீனியில்லை. பிஸ்கற்றும் வெறுந்தேநீரும்தான் நமக்கு விதித்தது" என்று கூறிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை.

மூன்று வாரங் கழித்து அவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். முன் விறாந்தையில் அவர் தனியே அமர்ந்து, உப்பும் புளியும் இல்லாத அவியல் ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் குசினியில் இருந்து இடியப்பமும் சொதியும் உண்டுகொண்டிருந்தனர். அவர்தம் துணைவியார் நம்மைக் கண்டதும், "மாஸ்ரர், இவருக்கு ஒரு உலை, பிள்ளையளுக்கு ஒரு உலை. விடிய நாலு மணிக்கு எழும்புறன். அப்படியிருந்தும் இவர் ஒன்றையும் வாயிலை வைக்கிறாரில்லை" என்று கண்கலங்கினார். கடைசிப் பையன் மெல்ல வந்து, "அப்பா ஏன் தனியச் சாப்பிடுறார்?" என்று நம்மிடமே கேட்டான். அவனுக்கு விடை கூற நமக்கு நா எழவில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள், மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் காலையுணவை விடுத்து வந்த நண்பர், வகுப்பறையிலே கை நடுங்கி வியர்த்துச் சாய்ந்துவிட்டார். மாணவர் ஓடிச்சென்று சீனித்தண்ணீர் கொண்டுவந்து பருக்கிய பின்னரே தெளிந்தார். பசியை அடக்கியவாறு சில நாள், அடக்க மாட்டாது அள்ளி உண்டவாறு சில நாள் என அவரது வைராக்கியம் ஊசலாடிற்று. இந்நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதுமாறு நம்மைத் தூண்டிற்று.

நமது நாட்டில் இஃது ஒரு வீட்டுக் கதையன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் என்றும், அவர்களிற் பலர் தமக்கு நோய் உள்ளதை அறியாதிருந்தனர் என்றும் கண்டது. எனவே, உண்ணும் முறையைச் சிறிது மாற்றுதல் நோயாளிக்கு மட்டுமன்றி, நோய் வருமுன் காக்க விரும்பும் குடும்பம் முழுமைக்கும் உரிய கடமையாகும். ஆயின், மாற்றுவது எதனை, எதனால் என்பதை அறிந்தே மாற்றுதல் வேண்டும்.

கலோரி என்பது யாது?

ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்துதற்கு வேண்டிய வெப்பமே நாம் உணவிற் பேசும் ஒரு கலோரி. அமெரிக்க இரசாயன அறிஞர் வில்பர் ஒலின் அற்வாற்றர் (1844-1907) என்பார், மனிதனை ஓர் அறையில் இருத்தி, அவன் உடல் வெளிவிடும் வெப்பத்தை அளக்குங் கருவியைக் கொண்டு ஆராய்ந்தார். அவரது உழைப்பின் வழிவந்த கணக்கே இன்றும் வழக்கில் உள்ளது: ஒரு கிராம் மாச்சத்துக்கு 4 கலோரி, ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி.

இம்மூன்று எண்களோடு தண்ணீருக்குக் கலோரி இல்லை என்பதையும் நினைவில் வைத்தால், சமையலறையின் பெரும்பாலான புதிர்கள் அவிழ்ந்துவிடும். நீர் மிகுந்த உணவு வயிற்றை நிரப்பும், கலோரி குறைவாகத் தரும். எண்ணெய் மிகுந்த உணவோ சிறிய அளவிலேயே பெருந்தொகைக் கலோரியைச் சுமந்து நிற்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. அது நல்லெண்ணெயாயினும் தேங்காயெண்ணெயாயினும் கணக்கு ஒன்றே.

மாற்றமல்லாத மாற்றங்கள்

நம்மவர் செய்யும் மாற்றங்களிற் சில, பெயரளவிலே மட்டும் மாற்றங்கள். முதலாவது, சோற்றை விட்டு உலர் பிஸ்கற்றைப் பற்றுதல். காய்ச்சற்காரனுக்கும் நீரிழிவுக்காரனுக்கும் கிறீம் கிறாக்கரே பத்தியம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீர் ஆதலின், 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 130 கலோரியளவே உண்டு. பாணில் நீர் குறைவு. 100 கிராமுக்கு ஏறத்தாழ 265 கலோரி. நீர் பெரிதும் வற்றிய கிறாக்கரிலோ அது 400 ஐயும் தாண்டும். அதன்மேல் மாஜரீனும் பூசினால் கணக்கு எங்கே போய் நிற்கும்? சோற்றைப் பகையாக எண்ணி ஒதுக்கிய நண்பர், மாலைக்குள் பன்னிரண்டு பிஸ்கற்றுகளை உண்டு முடித்ததை நாம் கண்ணாற் கண்டோம்.

இரண்டாவது, சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி. பனங்கட்டியில் மணமும் சிறிதளவு தாதுப்பொருளும் உண்டு. அது நம் மண்ணின் பொருள் என்ற பெருமையும் உண்டு. ஆயினும், எடைக்கு எடை நோக்கின் அதன் கலோரி சீனியினதை ஒட்டியதே. ஒரு சிறு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீரை முழுவதும் பருகும் நமது பெற்றோரின் பழக்கம் நல்லதே. ஆனால், அந்த நன்மை துண்டின் சிறுமையால் வந்தது, பனங்கட்டி என்னும் பெயரால் வந்ததன்று.

மூன்றாவது, குரக்கன். அரிசி மா 100 கிராமில் ஏறத்தாழ 360 கலோரியும், குரக்கன் மாவில் ஏறத்தாழ 330 கலோரியும் உண்டு. வேறுபாடு சிறிதே. குரக்கனின் உண்மையான சிறப்பு அதன் நார்ச்சத்தும் சுண்ணச்சத்துமாகும். ஆகையால் குரக்கன் பிட்டை விரும்பி உண்க. "குரக்கன்தானே" என்று இரட்டிப்பாக உண்ணற்க. தீட்டாத சிவப்பரிசிக்கும் இந்நீதியே பொருந்தும்.

நான்காவது, 2015 ஆம் ஆண்டிற் செய்தித்தாள்களிற் பரபரப்பாகப் பேசப்பட்ட ஒரு செய்தி. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், உலைநீரிற் சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்துச் சோறாக்கி, அதனைக் குளிர்ப்பெட்டியில் 12 மணிநேரம் வைத்தால், எளிதிற் சீரணிக்காத மாப்பொருள் அதிகரிக்கும் என அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தனர். ஆய்வு போற்றத்தக்கதே. ஆயினும், ஆய்வுகூடத்திற் கண்ட அளவு நமது வயிற்றிலும் அவ்வாறே அமையும் என்று கொண்டு, ஒரு கோப்பைச் சோற்றை இரண்டாக்குதல் பேதைமை. மேலும், ஆக்கிய சோற்றை வெளியே நெடுநேரம் வைத்தால் அதில் நஞ்சூட்டும் கிருமிகள் பெருகும். விரைவில் ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தலே பாதுகாப்பு.

மெய்யான மாற்றங்கள்

இனி, காலை முதல் இரவு வரை நமது சட்டி பானைகளைத் தொடர்ந்து செல்வோம்.

தேநீர்: மட்டமான ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம், அதாவது 16 கலோரி. நாளொன்றுக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு கரண்டி எனில் 128 கலோரி தேநீரிலேயே சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், சேர்க்கப்படும் சீனியின் அளவு முழு உணவின் கலோரியிற் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் எனவும், இருபதில் ஒரு பங்குக்குக் குறையின் மேலும் நன்று எனவும் கூறுகிறது. 2,000 கலோரி உண்பவருக்கு முதலாவது வரம்பு 50 கிராம், ஏறத்தாழப் பன்னிரண்டு கரண்டி. இரண்டாவது வரம்பு அதிற் பாதி. கேக்கிலும் பிஸ்கற்றிலும் குளிர்பானத்திலும் மறைந்துள்ள சீனியும் இக்கணக்கிற் சேரும் என்பதை மறக்கலாகாது. சீனியை ஒரே நாளில் நிறுத்துவோர் ஒரே வாரத்தில் மீளுகின்றனர். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைப்பின் நாக்குத் தானே பழகிவிடும். இஞ்சித் துண்டொன்றைத் தட்டிப் போட்டால் இனிப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது. றின்பாலில் தேநீர் கலக்கும் இல்லங்களில், இரண்டு மேசைக்கரண்டி றின்பால் ஏறத்தாழ 130 கலோரி என்பதை அறிந்து, அதனிடத்திற் பசும்பாலைச் சிறிது ஊற்றுதல் நன்று.

காலையுணவு: இடியப்பமும் பிட்டும் ஆவியில் வெந்தவை. அவற்றில் எண்ணெய்க் குற்றம் இல்லை. கலோரி பெருகுவது சொதியிலும் சம்பலிலும் பிட்டுக்கு இடும் தேங்காய்ப்பூவிலுமே. 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. பிட்டில் இடும் தேங்காய்ப்பூவிற் பாதியைக் குறைத்து, அதனிடத்தில் முருங்கையிலை, துருவிய கரற், அரிந்த லீக்ஸ் ஆகியவற்றைச் சேர்த்து அவியுங்கள். பிட்டு உதிர்ந்து மென்மையாக வரும். பிள்ளைகள் நிறத்தைக் கண்டே கேட்டு உண்பர். சொதியை முதற்பாலிற் காய்ச்சாது, பின்னர்ப் பிழிந்த கப்பிப்பாலிற் காய்ச்சி, இறக்குமுன் முதற்பாலில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டால் மணம் முழுவதும் நிற்கும், கொழுப்போ பெரிதுங் குறையும். பசும்பாலிற் சொதி வைப்பதும் நம்மவர் அறிந்ததே. கெட்டித் தேங்காய்ப்பாலின் கலோரியில் மூன்றில் ஒரு பங்களவே பசும்பாலில் உண்டு. பால் திரையாதிருக்கத் தேசிக்காய்ப் புளியைக் கோப்பையில் விட்ட பின்னர் அவரவர் பிழிந்துகொள்ளலாம்.

மதிய உணவு: நமது பந்தியின் குறை சோறு உண்பதன்று, சோற்றை மலையாகக் குவித்துக் கறியை அதன் அடிவாரத்திற் பொட்டளவு வைப்பதே. தட்டிற் பாதியைக் கீரைக்கும் மரக்கறிக்கும் ஒதுக்குங்கள். மீதியைச் சோற்றுக்கும், பருப்பு, மீன், முட்டை முதலிய புரத உணவுக்கும் பங்கிடுங்கள். மூன்று கோப்பைச் சோறு உண்பவர் இரண்டு கோப்பையோடு நிறுத்தின் ஏறத்தாழ 200 கலோரி குறையும். ஒழிந்த இடத்தை வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணிச் சுண்டல், வாழைப்பொத்தி வறை, புடோலங்காய்க் கறி ஆகியன நிரப்பினால் வயிறு வஞ்சிக்கப்பட்டதாக முறையிடாது. வறைக்குத் தேங்காய்ப்பூ ஒரு பிடி போதும், ஒரு மூடி வேண்டியதில்லை.

பொரியல்: கத்தரிக்காயின் பஞ்சு போன்ற சதை எண்ணெயை உறிஞ்சுவதில் இணையற்றது. 100 கிராம் பச்சைக் கத்தரிக்காயில் 25 கலோரியளவே உண்டு. அதே காய் தாச்சியில் மூழ்கி எழும்போது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் குடித்து வந்தால் 240 கலோரி அதன்மேல் ஏறிவிடும். அக்கத்தரிக்காயைத் தணலிலோ அடுப்புச் சுவாலையிலோ சுட்டுத் தோலுரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்த சம்பல் நமது பாட்டிமார் கைகண்ட பண்டம். அப்பளத்தையும் பொரிப்பதற்குப் பதிலாகச் சுட்டெடுக்கலாம். தாளிதத்துக்குப் போத்தலைச் சரிக்காது கரண்டியால் அளந்து விடுதல் ஒன்றே, சில இல்லங்களில் மாதத்துக்கு ஒரு போத்தல் எண்ணெயை மீதப்படுத்தும்.

மாலைச் சிற்றுண்டி: வடை, றோல்ஸ், பற்றிஸ் இவற்றின் இடத்தில் அவித்த கடலை, கௌபி, பயறு ஆகியவற்றை வைக்கலாம். அவித்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 165 கலோரியும் 9 கிராம் வரையிற் புரதமும் உண்டு. கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் இட்டு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்தால் எந்தக் கடைச் சிற்றுண்டிக்கும் அது தாழாது. பருவகாலத்திற் பனங்கிழங்கும், எக்காலத்தும் கொய்யாவும் பப்பாசியும் நமக்குக் கைக்கெட்டியவை. கச்சான் நல்ல உணவேயாயினும் 100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேற்பட்டது ஆதலின், ஒரு பிடியோடு நிறுத்துக.

குடிபானம்: பழத்தை உண்ணுங்கள். பிழிந்து சீனியிட்டுக் குடிப்பதை ஒழியுங்கள். குளிர்பானம் வாங்குவோர் போத்தலின் மேலுள்ள நிறக் குறியை நோக்குதல் வேண்டும். 2016 ஆம் ஆண்டு ஆவணி முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேற் சீனி இருந்தாற் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரையெனின் செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறையின் பச்சை. செம்மஞ்சளைக் கண்டு ஆறுதல் கொள்ள வேண்டா. 10 கிராம் என்று பொறித்த 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் 40 கிராம், அதாவது பத்துக் கரண்டி சீனி உண்டு. உப்புக் குறைந்த நீர்மோரோ அளவான இளநீரோ வெயிலுக்கு இதைவிட உகந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. தேங்காய் குறைந்த குறையை உப்பினால் நிரப்பலாகாது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. மிளகு, உள்ளி, இஞ்சி, பெருஞ்சீரகம், தேசிக்காய், கறிவேப்பிலை என்னும் பெருஞ்செல்வம் நம் கையில் இருக்க, உப்பை நாடுவானேன்?

சிறு கணக்கு

தேநீரில் நாளுக்கு ஆறு கரண்டி சீனி குறைந்தால் 96 கலோரி. பொரியலுக்குப் பதில் சுட்ட சம்பல் உண்டு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தவிர்ந்தால் 120. ஒரு கோப்பைச் சோற்றின் இடத்தில் மரக்கறி உண்டால், மரக்கறியின் கலோரியைக் கழித்து ஏறத்தாழ 150. மூன்றுங் கூட 366. பட்டினி கிடவாது, பணம் மிகுதியாகச் செலவிடாது பெற்ற பயன் இது. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது என்பர். உடல் மெலிய மெலிய அதன் செலவும் குறையுமாதலால், கணக்கிற் கண்டபடி எடை நேர்கோட்டில் இறங்காது. திங்கள் கடந்து பொறுமையோடு நோக்குவோர்க்கே அதன் பலன் தெரியும்.

யாருக்கு இது பொருந்தாது?

வளரும் பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், பாலூட்டுவோர், மெலிந்த முதியோர் ஆகியோருக்குக் கலோரியைக் குறைக்கும் எண்ணமே கூடாது. பந்தி ஒன்றாயினும் பங்கு வேறாகலாம். பிள்ளைக்கு முட்டையும் பாலும் ஒரு பிடி சோறும் மிகுதியாக வைப்பதற்கு வேறு உலை வேண்டியதில்லை. நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ பெறுவோர் வைத்தியரைக் கேளாது உணவைச் சடுதியாகக் குறைத்தால் இரத்தத்திற் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். நமது நண்பர் வகுப்பறையிற் சாய்ந்ததன் காரணம் இதுவே. சிறுநீரக நோயுள்ளோர்க்குக் கீரையும் பருப்பும் இளநீரும்கூட அளவறிந்து உண்ண வேண்டியவை.

மற்றொன்றும் கூறுதல் நமது கடன். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், விருப்பத்தாலன்றி வறுமையால் உணவைக் குறைத்த குடும்பங்கள் இந்நாட்டிற் பல. இல்லாமையாற் குறைப்பதும் அறிந்து குறைப்பதும் ஒன்றல்ல. குறைந்த உணவே வாய்த்தவருக்கு நாம் கலோரிக் கணக்குக் கூற முனையோம். ஆயினும், நாம் கூறிய மாற்றங்களிற் பெரும்பாலானவை எண்ணெயையும் தேங்காயையும் சீனியையும் மிச்சப்படுத்துபவை ஆதலின், அவை நோயைத் தவிர்ப்பதோடு பணப்பையையும் காப்பனவாம்.

பண்டிகை நாளைக் குறித்து அஞ்சுவோர் உளர். தைப்பொங்கலன்று பொங்கலை அளந்து உண்ணுமாறு நாம் எவரையும் கேளோம். ஆண்டிற் சில நாள் வரும் பண்டிகை எவரையும் நோயாளியாக்குவதில்லை. நாள்தோறும் வரும் நாலு மணித் தேநீரே ஆக்குகிறது. விரதத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். பகலெல்லாம் பட்டினி கிடந்து, பாரணையில் வடையையும் பாயசத்தையும் இரட்டிப்பாக உண்பது விரதத்தின் கருத்தன்று. வள்ளுவப் பெருந்தகை "மருந்து" என்று அதிகாரத்துக்குப் பெயரிட்டு, அதன் குறள்கள் பலவற்றில் மருந்தைப் பேசாது, உண்ணும் அளவையும் காலத்தையுமே பேசினார் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நண்பரின் இல்லத்துக்கு மீண்டும் வருவோம். சிகிச்சை நிலையத்தில் அவருக்குக் கிடைத்த அறிவுரை எளியது. "நோயாளிக்கென்று சமைக்க வேண்டாம். வீட்டுக்கென்று சமையுங்கள்" என்பதே அது. அன்று முதல் அவ்வீட்டில் உலை ஒன்றாயிற்று. மாத்திரை நிற்கவில்லை. பரிசோதனைத் தாளின் எண்கள் ஒரேயடியாக வீழ்ந்துவிடவும் இல்லை. சற்றே இறங்கியுள்ளன, இறங்கிய இடத்தில் நிற்கின்றன. துணைவியார் இப்போது ஐந்தரை மணிக்கு எழுகின்றார்.

சென்ற மாதம் ஒரு நண்பகல் அங்கு உண்டோம். எல்லோரும் குசினியில் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தோம். நண்பர் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலை மூன்றாம் முறையாக எடுக்கக் கை நீட்டியபோது, அன்று நம்மை வினவிய அதே பையன் கோப்பையைத் தன்பக்கம் இழுத்து, "அப்பா, எனக்கும் மிச்சம் வையுங்கோ" என்றான். நண்பர் சிரித்தார். இம்முறை அந்தச் சிரிப்பில் உயிர் இருந்தது.